கரையேறியவரைத் தாங்குவது யார்?

சென்ற றமழானுக்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் போதைப்பொருள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. வைத்தியர் பேசினார். பொலிஸ் அதிகாரி பேசினார். மௌலவி பேசினார். கடைசியாக ஓர் இளைஞனை எழுப்பி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவன் சாதாரண தரத்தில் என்னிடம் தமிழ் படித்தவன். ஆறு வருடங்கள் தூளில் கிடந்தவன். அதில் இரண்டு வருடம் கொழும்பில் கடை வாசல்களிலும் பஸ் நிலையத்திலும் படுத்தவன். இப்போது இரண்டரை வருடமாக விலகி இருக்கிறான். பத்து நிமிடம் பேசினான். அழுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அழுதார்கள். பிறகு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "சேர், மைக் தாராங்க. வேல தாராங்க இல்ல."

நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவன் கேட்டது ஆறுதல் அல்ல. அன்றிரவு முழுக்கதையும் சொன்னான். ஊரில் எந்த வீட்டில் பிள்ளை போதையில் கிடந்தாலும் உம்மாமார் இவனுக்குத்தான் கோல் எடுக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கும் போகிறான். பெற்றோல் காசு இவனுடையது. இப்படி இவன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் போன வருடம் மௌத்தாகிவிட்டான். "அவன்ட ஜனாஸாவுக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள் நித்திர இல்ல சேர். அந்த ரெண்டு நாளும் பழைய இடம்தான் கண்ணுக்குள்ள நிண்டிச்சி. ஒரு ஆளும் வந்து எப்பிடி இருக்காய் எண்டு கேக்கல்ல."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது. போதையிலிருந்தும் தெருவிலிருந்தும் மீண்டவர்கள் மற்றவர்களை மீட்க உதவலாம் என்பதை இன்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். அப்படி உதவுகிறவரைத் தாங்குவது யார் என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. வேறு சில நாடுகளில் அதைக் கேட்டிருக்கிறார்கள். நிறைய இழந்த பிறகுதான் கேட்டார்கள்.

பெயர் பற்றி ஒரு சொல்

ஆங்கிலத்தில் இத்தகையவரை 'பியர் வேர்க்கர்' என்பார்கள். எமது நாட்டுச் சுகாதாரக் கல்வித் துண்டுப்பிரசுரங்களில் 'பியர்' என்பதற்குச் சகபாடி என்ற சொல் வழங்குகிறது. அது நல்ல சொல். சகபாடி என்றால் கூடப் பாடம் படித்தவர். வைத்தியர் புத்தகத்தில் படித்ததை இவர் தெருவில் படித்திருக்கிறார். எதிரில் படுத்துக் கிடப்பவரும் அதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இக்கட்டுரையில் சகபாடிப் பணியாளர் என்றே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1935 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரத்துக்கு வியாபார அலுவலாகப் போன பில் வில்சன் என்ற பங்குத் தரகருக்கு வியாபாரம் தோற்றுப்போனது. சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தவர் அவர். ஹோட்டலில் தனியே நின்றபோது பழைய ஆசை கிளம்பியது. தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தப்பலாம் என்று நினைத்து ஆள் தேடினார். கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். அந்தச் சந்திப்பிலிருந்துதான் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்ற அமைப்பு பிறந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வில்சன் உதவி கொடுக்கப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே போனார். கொடுப்பதும் பெறுவதும் அங்கே ஒன்றாக நடந்தது.

அந்தப் பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய நோக்கில் அமைத்துக்கொண்ட 'மில்லதி இஸ்லாமி' என்ற அமைப்பு 1989 இல் பால்டிமோர் நகரத்தில் தொடங்கியது. போதையிலிருந்து மீண்ட முஸ்லிம்கள், மீள விரும்பும் முஸ்லிம்களோடு வட்டமாக அமர்ந்து பேசும் அமைப்பு அது. இது நமக்கு அந்நியமான விடயம் என்று யாராவது சொன்னால் அதை நினைவூட்டலாம்.

ஆனால் இவையெல்லாம் தன்னார்வக் கூட்டங்கள். வீடற்றோருக்கும் போதைக்கு அடிமையானோருக்கும் சேவை செய்யும் நிறுவனம் ஒன்று, சகபாடியை வேலைக்கு எடுக்கும்போது விடயம் மாறுகிறது. அதை விளங்கிக்கொள்ள வன்கூவருக்குப் போக வேண்டும்.

ஹேஸ்டிங்ஸ் வீதியில் நடந்தது

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பெருநகரம் வன்கூவர். கடலும் மலையும் சேர்ந்த அழகான ஊர். அதன் நடுவிலேயே டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்ற வறிய பகுதி இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் வீதியில் பழைய ஹோட்டல் கட்டடங்கள், ஓர் ஆளுக்கு ஒரு சிறிய அறை, கழிப்பறை பொது. அந்த அறையும் கிடைக்காதவர்கள் நடைபாதையில். 1990களில் அங்கே ஊசி மூலம் எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது, அளவு மீறிய போதையாலும் மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1997 இல் அப்பகுதியின் ஒப்பன்ஹைமர் பூங்காவில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து ஆயிரம் சிலுவைகள் நட்டார்கள்.

அவ்வேளையில் முன்னுக்கு வந்தவர்களில் ஒருவர் பட் ஒஸ்பேர்ன் என்ற கவிஞர். ஹெரோயினில் வருடக்கணக்காகக் கிடந்தவர். அவரும் ஆன் லிவிங்ஸ்டன் என்ற பெண்மணியும் தெருவில் இருந்தவர்களைப் பூங்காவில் கூட்டிப் பேச வைத்தார்கள். அதிலிருந்து 1998 இல் 'வண்டு' என்று சுருக்கமாக அழைக்கப்படும் போதைப் பாவனையாளர் வலையமைப்பு உருவானது. அதன் உறுப்பினர்கள் சந்துகளில் ரோந்து போனார்கள். எறிந்து கிடந்த ஊசிகளைப் பொறுக்கினார்கள், சுத்தமான ஊசிகளைக் கொடுத்தார்கள், மயங்கிக் கிடந்தவர்களைத் தட்டி எழுப்பினார்கள். அதிகாரிகள் போகத் தயங்கிய சந்துகளுக்குள் இவர்கள் இருட்டிலும் போனார்கள்.

2003 இல் வட அமெரிக்காவின் முதலாவது சட்டபூர்வமான கண்காணிப்பு ஊசி நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்வது உலமாக்களின் வேலை. நான் அதற்குள் போகவில்லை. நான் பார்ப்பது அங்கு வேலை செய்தவர்களை.

பிறகு பென்டனில் வந்தது. ஹெரோயினை விடப் பல மடங்கு வீரியமான இரசாயனம் அது. தெருவில் விற்ற தூளோடு கலக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் மாகாண அரசு பொதுச் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. அவ்வருடம் செப்டெம்பரில், எந்த அனுமதியும் இல்லாமல், ஹேஸ்டிங்ஸ் வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் சிலர் ஒரு கூடாரம் அடித்தார்கள். அளவு மீறிச் சாகப் போகிறவர்களைக் காப்பாற்றுவதே நோக்கம். டிசெம்பரில் சுகாதார அமைச்சரின் கட்டளை அத்தகைய இடங்களைச் சட்டபூர்வமாக்கியது. அவற்றில் நின்றவர்களில் பெரும்பாலானோர் சகபாடிகள்.

அவர்கள் செய்த வேலை என்ன? ஹெரோயினும் பென்டனிலும் மூளையில் சுவாசத்தை இயக்கும் பகுதியை அமர்த்திவிடுகின்றன. உதடு நீலமாகும், குறட்டை போன்ற சத்தம் வரும், பிறகு மூச்சு நிற்கும். நலோக்சோன் என்ற மருந்தை ஊசியாகவோ மூக்கு வழியாகவோ கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அம்மருந்தின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் மறுபடியும் மயங்கலாம். ஆகவே மருந்து கொடுத்தால் போதாது, அம்புலன்ஸை அழைக்க வேண்டும், மூச்சு ஊத வேண்டும், பக்கத்தில் இருக்கவும் வேண்டும். ஐஸ் போன்ற போதைக்கு இம்மருந்து வேலை செய்யாது. அங்கே பக்கத்தில் இருப்பதும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும்தான் முக்கியம். எப்படிப் பார்த்தாலும் பக்கத்தில் இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகச் சகபாடிகள் இருந்தார்கள்.

வீடற்றோர் சேவையிலும் இதே கதைதான். முதலில் வீட்டைக் கொடு, பிறகு மற்றதைப் பார் என்ற கொள்கையோடு 1992 இல் நியூயோர்க்கில் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' அமைப்பின் குழுக்களில் வைத்தியரோடும் தாதியோடும் சகபாடியும் இருந்தார். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் வீடற்றோர் நிலையங்களில் சகபாடிகளை வழிகாட்டிகளாக நியமித்து ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். அந்த வழிகாட்டிகள் கூடவே வைத்தியசாலைக்குப் போனார்கள், அலுவலகங்களுக்குப் போனார்கள், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். அலுவலகத்துப் படிவத்தை நீட்டினால் ஓடிவிடுகிற ஆள், தன்னைப் போல் கிடந்து எழும்பியவரோடு நடந்து வருவார். காரணம் எளிது: இவரிடம் பொய் சொல்லத் தேவையில்லை, வெட்கப்படவும் தேவையில்லை.

தாங்கியவர்கள் தளர்ந்தது எப்படி?

2016 முதல் 2023 முடிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் நச்சுப் போதையால் இறந்தவர்கள் 13,000 பேருக்கு மேல். சகபாடிப் பணியாளருக்கு இது வெறும் எண் அல்ல. இறந்தவர்களில் அவருடைய கூட்டாளி இருப்பார், தம்பி இருப்பார், நேற்று மூச்சு ஊதிக் காப்பாற்றிய ஆளே இன்று இருப்பார். தாதி ஷிப்ட் முடிந்து வேறு பகுதியிலுள்ள வீட்டுக்குப் போவார். சகபாடியின் வீடு அதே வீதியில். அவருக்கு ஷிப்ட் முடிவதே இல்லை. படுத்த பிறகும் கதவைத் தட்டுவார்கள்.

இரண்டாவது, காசு. அதே வேலையைச் செய்யும் மற்றப் பணியாளருக்கு மாதச் சம்பளம், விடுமுறை, காப்புறுதி. சகபாடிக்குக் கையில் ஒரு சிறு தொகை. நிரந்தரமில்லை. சிலர் வீடற்றவர்களாகவே இருந்துகொண்டு வீடற்றவர்களுக்குச் சேவை செய்தார்கள். அரச உதவிப்பணம் பெறுகிறவர்கள், கொஞ்சம் கூட உழைத்தால் அது வெட்டுப்படுமோ என்று பயந்தார்கள்.

மூன்றாவது, மதிப்பு. கூட்டத்தில் உட்கார வைப்பார்கள், முடிவில் பங்கு இல்லை. அம்புலன்ஸ்காரரும் பொலிஸாரும் இவரைப் பணியாளராகப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு போதைக்காரனாகப் பார்ப்பார்கள். பழைய வழக்குகள் இருப்பதால் நிரந்தர வேலைக்கான பொலிஸ் அறிக்கையில் இவர் விழுந்துவிடுவார். எந்த அனுபவத்துக்காக வேலைக்கு எடுத்தார்களோ அந்த அனுபவமே உயர்வுக்குத் தடையாகும்.

நான்காவது, எல்லாவற்றையும் விட நுணுக்கமானது. தன் காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்ட வேண்டிய வேலை இது. நன்கொடையாளர் வந்தால் கதை சொல், பத்திரிகைக்காரர் வந்தால் கதை சொல். சொல்லச் சொல்ல அது அவருடைய கதையாக இல்லாமல் நிறுவனத்தின் சொத்தாகிவிடும்.

இவற்றை அங்கே வெளியார் வந்து கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 'பியர் டு பியர்' என்ற ஆய்வுச் செயற்றிட்டத்தில் சகபாடிகளே ஆய்வுக் குழுவிலும் இருந்து, மற்றச் சகபாடிகளைக் கேட்டு எடுத்தார்கள். என்ன உதவி வேண்டும் என்பதையும் அவர்களே வகுத்தார்கள். அந்த மாதிரிக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரோஸ்' என்று பெயர். முதலாவது அங்கீகாரம்: வேலைக்குப் பெயர், பொறுப்பு என்னவென்ற எழுத்து, உரிய ஊதியம். இரண்டாவது நிறுவனத்தின் ஆதரவு: மேற்பார்வையாளர், உட்கார்ந்து மனதை இறக்கி வைக்க ஒரு நேரம், மரணத்துக்குப் பின் ஓய்வு. மூன்றாவது திறன் விருத்தி: முதலுதவி, கேட்கும் முறை, எல்லை வகுக்கும் முறை, மேலே போக ஒரு படிக்கட்டு. நான்காவது, இவை எல்லாச் சகபாடிகளுக்கும். நிர்வாகத்துக்குப் பிடித்த ஓரிருவருக்கு மட்டுமல்ல.

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எந்த வேலையாளுக்கும் கொடுக்க வேண்டியதுதான். சகபாடிக்கு மட்டும் ஏன் கொடுக்காமல் விட்டோம் என்பதுதான் கேள்வி.

நமது பக்கத்துக்கு வந்தால்

"இது நன்மையான காரியம், இதற்குப் போய்ச் சம்பளமா?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். அதற்கு நான் ஸகாத்தைக் காட்டினேன். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் எண்ணிச் சொல்கிறது. அதில் ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்து வருபவர்கள், ஸகாத்தைச் சேகரித்துப் பங்கிடும் வேலையாட்கள். அதைவிட நன்மையான வேலை என்ன இருக்கிறது? அந்த வேலைக்கே கூலிக்கு இடம் வைத்திருக்கிறது மார்க்கம். வேலையாளின் கூலியையும் அவன் வியர்வையையும் சேர்த்துச் சொன்ன நபிமொழியைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். இரவு ஒரு மணிக்குப் போகிறவனின் வியர்வை மட்டும் கணக்கில் இல்லையா?

இரண்டாவது, அந்த மைக். பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, மனிதன் தானே அதைப் பகிரங்கப்படுத்துவதை நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். மறைப்பது நமது ஒழுக்கம். அப்படியிருக்க, தவ்பா செய்த ஒருவனை நிறைந்த சபையில் எழுப்பி, நீ எங்கே படுத்தாய், என்ன களவெடுத்தாய், உன் உம்மாவுக்கு என்ன செய்தாய் என்று சொல்ல வைப்பது எந்த ஒழுக்கம்? கேட்பவருக்கு அது பாடமாகலாம். அவனுடைய தங்கைக்குக் கலியாணம் பேசும்போது அது என்னவாகும் என்று யாராவது யோசித்தோமா?

'அப்படியானால் சகபாடி தன் அனுபவத்தைச் சொல்லவே கூடாதா?' என்று கேட்கலாம். சகபாடிப் பயிற்சிகளில் இதற்கே ஒரு பாடம் உண்டு: எதைச் சொல்வது, எவருக்குச் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குப் பயன்படும் அளவு சொன்னால் போதும். "நானும் இதுக்குள்ள இருந்தவன்தான் மகன்" என்ற ஒரு வசனம் சில வேளை போதும். அது ஓர் அறைக்குள், இருவருக்கிடையில் சொல்லப்படுவது. அங்கே அது மருந்து. மேடையில் அதே வசனம் காட்சிப்பொருள்.

மூன்றாவது, மறுபடி சறுக்கினால் என்ன செய்வது? போதை மூளையில் ஆழமாகப் பதிந்த நோய்; மீண்ட பலர் ஒரு தடவையாவது சறுக்கியிருப்பார்கள். நம் ஊரில் அப்படிச் சறுக்கினால் "பாத்தியா, நாய் வால்" என்பார்கள். நல்ல நிறுவனங்கள் வேலையில் சேரும் நாளிலேயே இதைப் பேசி எழுதிக்கொள்கின்றன: கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாள் ஒதுங்கலாம், எப்படித் திரும்பி வரலாம். பயமில்லாமல் சொல்ல இடமிருந்தால் முதல் நாளே சொல்வான். இல்லையென்றால் மறைப்பான்; மறைத்தால் செத்துப்போவான். மது அருந்தியதற்காக அடிக்கடி தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்த சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்ற காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. அவர் ஒரு தடவை சறுக்கியவர் அல்ல, பல தடவை.

ஒரு மஹல்லாவில் இதையெல்லாம் செய்ய முடியுமா? கொஞ்சமாவது முடியும். ஒருவனைத் தனியே விடாமல் இருவரை எடுக்கலாம். ஒருவர் களைத்தால் மற்றவர் பார்ப்பார். போனை இரவு பத்து மணியோடு யார் எடுப்பது என்று முறை வைக்கலாம். மாதம் ஒரு தொகையும் பயணச் செலவும் ஒதுக்கலாம். மனநல வைத்தியரோ பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோ மாதம் ஒரு தடவை இவர்களோடு மட்டும் உட்காரலாம். இவர்கள் பார்த்த ஒருவர் மௌத்தானால், மூன்று நாளைக்குள் நிர்வாக சபையிலிருந்து ஒருவர் இவர்களுடைய வீட்டுக்குப் போகலாம். இந்தக் கடைசி விடயத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

நம்பிக்கையாளர் சபையிடம் பேசினேன். பெரிய எதிர்ப்பு இல்லை, பெரிய உற்சாகமும் இல்லை. நியமனக் கடிதம் ஒன்றை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். தமிழ் ஆசிரியன் அல்லவா, கடிதம் எழுதுவது எனக்குத்தான் வந்து சேரும். பதவிப் பெயர், நேரம், தொகை, லீவு எல்லாம் எழுதி, முதலில் அவனிடமே காட்டினேன். ஆறுதலாக வாசித்தான். பரீட்சைத் தாளை வாசிப்பது போல விரலை வைத்து வரிவரியாகப் போனான். இரண்டாவது பந்தியில் நிறுத்தினான். அங்கே நான், 'போதைப் பாவனையிலிருந்து மீண்டவரான' என்று தொடங்கியிருந்தேன்.

"சேர், இத வெட்டுவமா? பேர மட்டும் போடுங்க. மத்தத, வாற ஆளுக்கு நான் சொல்லிக்கிறன்."

வெட்டினேன். கடிதம் இப்போது சபையின் மேசையில் இருக்கிறது.